குள்ளனுக்கு வைத்த சோறு

நவம்பர் 5, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான இவர், பெரட்டில் ஆள் எண்ணப் போய்ப் பாதியில் திரும்பிவிட்டார். நான் பாடம் நடத்தும் லட்சணத்தை அதனால் நேரில் பார்த்துவிட்டார்.

இன்று வண்ண நாள். காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து சிவப்பு, மஞ்சள், நீலம் மட்டும். கோடு போடக் கூடாது. வண்ணம் தானாக ஓட வேண்டும். ஓடியது. மேசைக்கு, சின்னவன் பாபுவின் சட்டைக்கு, கடைசியில் இவருடைய பெரட்டுப் புத்தகத்துக்கு.

"இதுதான் படிப்பா?"

"இப்ப கைக்கு வேலை. எழுத்து அப்புறம்."

"அப்புறம்னா எப்ப?"

"மணிக்குப் பல்லு விழுந்ததும்."

போய் வெற்றிலை போட்டுக்கொண்டார்.

மேனேஜர் தொரையின் வெள்ளைக்காரப் பெண்டாட்டி, தொரைசாணி, கொடுத்த நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. பால் பல் விழத் தொடங்கும்வரை எழுத்தைக் காட்டாதே. அவள் தன் பிள்ளைகளை பங்களாவில் வைத்து அப்படித்தான் வளர்த்தாளாம். மூத்தவள் மணிக்கு ஆறரை வயது. ஒரு பல்கூட ஆடவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடம் மூடி எட்டு மாதம். காட்டுக்காரர்கள், அதுதான் துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள், லாரியைக் கொளுத்திய மறுநாள் ஊருக்குப் போன வாத்தியார் வரவே இல்லை. இப்போது நான்தான் பள்ளிக்கூடம்.

எனக்கு ஆறாவது வரைதான். தினம் பிரம்படி. எழுத்து என்றால் இன்றும் உள்ளங்கை எரிகிறது. என் பிள்ளைக்கு அது வேண்டாம்.

நவம்பர் 7, புதன்

வெயில். வாங்க: மண்ணெண்ணெய், வெள்ளை நூல், பாபுவுக்குப் பூச்சி மருந்து.

மெழுகு நாள். தேன்மெழுகைக் கைச்சூட்டில் பிசைந்து உருவம் செய்ய வேண்டும். இந்த வெயிலில் பிசைய வேண்டிய அவசியமே இல்லை, தானே வழிகிறது. மணி யானை செய்தாள். சாப்பாட்டுக்குள் அது தோசை ஆகிவிட்டது.

அந்தந்தப் பருவத்து இலை, காய் பரப்பும் பருவ மேசையும் வைத்தாயிற்று. தொரைசாணி ஊரில் நாலு பருவமாம். இங்கே மழை, மழைக்கு முன், மழைக்குப் பின். மூன்றுக்கும் ஒரே ரப்பர் கொட்டை. முகம் இல்லாத துணிப் பொம்மையும் தைத்தேன், குழந்தை தானே முகத்தைக் கற்பனை செய்யுமாம். பாபு என்ன கற்பனை செய்தானோ, அலறி அடித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டான்.

கதை நேரம் மட்டும் நன்றாக இருந்தது. வேலிக்கு அப்பால் மர வேருக்கடியில் குடியிருக்கும் குள்ளன் கதை. ஒரே கதையை மூன்று நாள் சொல்ல வேண்டும், படம் காட்டாமல். மணி வாயைப் பிளந்து கேட்டாள்.

"அவரு என்னாம்மா சாப்புடுவாரு?"

"நாம சாப்புடுறதுதான்."

நல்ல பதில் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

நவம்பர் 9, வெள்ளி

சிரம்பான் டவுனை ஒட்டிய தெமியாங்கிலிருந்து இவர் அண்ணனின் கடிதம். பதினெட்டாம் தேதி காரில் வருகிறாராம். மணியை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பாராம். வாசித்தால் இங்கேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் அன்றே கூட்டிப்போய் ஜனவரியில் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவாராம்.

"அண்ணன் சொல்றது நியாயம்தானே சரசு."

நியாயம்தான். ஆனால் மணி என்மேல் கால் போட்டுத்தான் தூங்குவாள். அவள் இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன்? எழுதும்போதே அழுகை வருகிறது.

முறையாவது மண்ணாவது. நாளைக்கே அ, ஆ.

நவம்பர் 10, சனி

தூறல். பலகையில் 'அ' போட்டேன். மணி இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பல்லு இன்னும் விழுலயே!"

"பரவாயில்லடா. அம்மாதானே சொல்றேன்."

"நீதானே கூடாதுன்ன. பொய் சொன்னா குள்ளன் வரமாட்டாரு."

கெஞ்சினேன். கற்கண்டு காட்டினேன். கற்கண்டு போயிற்று, கண் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலு வயசு பாபு அ, ஆ, இ மூன்றையும் பிடித்துக்கொண்டு சுவர் முழுக்கக் கரியால் எழுதிவைத்திருக்கிறான். யாருக்கு வர வேண்டுமோ அவளுக்கு வரவில்லை.

சாயங்காலம் இவர் மணியின் முன்பல்லை ஆட்டிப் பார்த்தார். பல் அசையவில்லை. இவர் விரலில் இரண்டு தையல் போடும் அளவுக்குக் கடி.

நவம்பர் 13, செவ்வாய்

கதவைத் தாழ் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

வேலிக்கு வெளியே தேக்கிலையில் சோறு, ஒரு துண்டு கருவாடு. மூன்று நாளாக அதே இடத்தில். போலீஸ் மாத்தாக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பால்வெட்டப் போகிறவள் மடியில் ஒரு பிடி சோறு இருந்தாலே கேட்டில் பிடுங்கிக்கொள்ளும் காலம். காட்டுக்குச் சோறு கொடுத்தால் ஜெயில், இல்லையென்றால் கப்பலேற்றி இந்தியாவுக்கு. லயத்து ஆட்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி விசாரித்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

நம்ம மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் சார்ஜண்ட் முன்னால் நின்று சொன்னாள்: "அது நான் வெச்சதுதான்."

நவம்பர் 14, புதன்

இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழர். ஆபீஸ் வராந்தாவில் விசாரணை.

"யாருக்குப் பாப்பா சோறு வெச்ச?"

"காட்டுல இருக்கிறவருக்கு."

இவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பாத்திருக்கியா அவர?"

"இல்ல. ஆனா காலையில சோறு காலியாயிடுது."

"எவ்ளோ உயரம் இருப்பாரு?"

"அப்பா பூட்ஸ் உயரம்."

"தொப்பி போட்டிருப்பாரா?"

"செவப்புத் தொப்பி." எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் நிமிர்ந்து பார்த்தான், காட்டுக்காரர் தொப்பியிலும் சிவப்பு நட்சத்திரமாம்.

"யார் சொன்னது இதெல்லாம்?"

"அம்மாதான். மூணு நாள் சொன்னாங்க."

ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தேன். மணி வரைந்த குள்ளன் படத்தையும் கொடுத்தேன். அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் சிவப்புக் குட்டைதான். பிறகு நோட்டை முழுக்கப் படித்தார்.

"பல்லு விழுறவரைக்கும் எழுத்து கெடையாதா? எம்பையனுக்கு விழுந்து மூணு வருசம் ஆச்சும்மா. இன்னும் எழுத்து வரலை."

சிரித்தார். உயிர் வந்தது. ஆனாலும் கோப்பு சிரம்பானுக்குப் போயே தீர வேண்டுமாம். வாக்குமூலத்தில் மணி கையெழுத்துப் போட வேண்டும். தெரியாது. கைநாட்டு. மை ஒட்டியதில் அவளுக்கு ஒரே குஷி, இன்னொன்று வைக்கட்டுமா என்று கேட்டாள்.

"கிராணி மகளே கைநாட்டுதானாம்லா," என்று வேலையாட்களின் மேஸ்திரி மண்டோர் யாரிடமோ சொன்னது எங்கள் காதில் விழுந்தது. இவர் வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"ஞாயித்துக்கெழம அவ போறா."

நவம்பர் 17, சனி

மழை. மணியின் பெட்டி: கவுன் ஐந்து, எண்ணெய்ச் சீசா, சீப்பு. போர்வையை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.

நவம்பர் 18, ஞாயிறு

இவர் அண்ணன் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். பாடப் புத்தகத்தை மணி முன்னால் விரித்தார். அவள் வாயைத் திறந்து பல்லைக் காட்டினாள். பரீட்சை முடிந்தது. பெட்டி காரில் ஏறியது. மணி என் சேலையை விடவில்லை, இவர்தான் விரல் விரலாகப் பிரித்தார். நான் இவரை மன்னிக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டில் மாத்தாக்காரன் மறித்தான். கையில் ஒரு காகிதம், முடியாது என்று மலாயில் சொன்னான்: "தா போலே, துவான்." வேலிச் சோறு விசாரணை முடியும்வரை கிராணி, மனைவி, பிள்ளைகள் யாரும் தோட்டத்தைவிட்டு வெளியே போகக் கூடாது.

அண்ணன் ஆபீஸுக்குப் போய் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுக் கத்தினார். "எப்ப சார் முடியும்?" பதிலை இவரிடம் திருப்பிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"ஏப்ரல் ஆவுமாம்டா தம்பி. காட்டுக்குள்ள ஆளைத் தேடணுமாம்."

ஜனவரிச் சேர்க்கை போயிற்று. பெட்டி இறங்கியது. கார் தனியாகப் போனது. இவர் தலையில் கை வைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார், வேலை என்னாகுமோ என்று. பாவம்தான். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிரிப்பு தெரிந்துவிடக் கூடாதே.

பிறகு சாமி அறைக்குப் போய், கேஸ் சீக்கிரம் முடியக் கூடாது என்று முருகனுக்கு ஒன்பது தேங்காய் நேர்ந்துகொண்டேன்.