கண்ணுக்கு ஒரு பாட்டில்

காலை ஏழு பத்து. சண்டை போட்டுவிட்டு, போனையும் எடுக்காமல் நடக்கப் போய்விட்டீர்கள். எனக்கு வேலைக்கு நேரமாகிறது; இதை எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன்.

நாளை வலது கண்ணில் புரை ஆபரேஷன். டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து இருக்க, உங்கள் அண்ணன் போன வருஷம் தன் கண் ஆபரேஷனில் மிச்சம் வைத்ததையும் எடுத்து, எது மேல் என்று பார்க்க மூன்று நாளாகக் கண்ணுக்கு ஒன்றாக விட்டிருக்கிறீர்கள். கண் என்ன, நீங்கள் பாடம் எடுத்த லேபா?

பழைய பாட்டிலை நான் எடுத்துப் போகிறேன். சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. சாவி பக்கத்து வீட்டில்.

பி.கு.: கோபமில்லை, பயம். ஆஸ்பத்திரி நர்ஸுக்கு போன் செய்தேன். பழைய மருந்தால் வலது கண்ணில் கிருமி சேர்ந்திருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகுமாம். வந்தவுடன் அவரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள்:

"வலது கண்ணுல எந்த மருந்தும்மா விட்டாரு?"