முந்திரி இரண்டு

அந்தக் கணினிப் பெட்டியின் பின்பக்க விசிறியிலிருந்து சூடான தூசி வாசனை வருகிறது. கடலை மூட்டைகளுக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் முன்அறையில் தூங்குகிறார்கள். விளக்கு போடவில்லை. திரையின் வெளிச்சம் போதுமாக இருக்கிறது. இந்த வாசனை வந்தால் நீ மூக்கைச் சுளித்து, "மறுபடியும் தூசி தட்டணும், எந்திரி புள்ள" என்பாய். நான் எழுந்திருக்கவில்லை. பெட்டியைத் தொடவே பயமாக இருக்கிறது.

இதை ஆலங்குடியில் மூடிய பிரவுசிங் சென்டரிலிருந்து நீதான் கேட்டு வாங்கிவந்தாய். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் இங்கே வைத்தோம். பதினொன்றாம் வகுப்புக் கோடை விடுமுறை முழுக்க அதோடு மல்லுக்கட்டினோம். மூன்று முறை பென்டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளம் ஏறவில்லை. உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துப்போனதால் தேதியும் தவறாகக் காட்டியது. "அடியே, இது நம்ம பொறக்குறதுக்கு முந்தின வருசத்துல நிக்கிது. நம்மள யாருன்னே அதுக்குத் தெரியாது, எப்புடி வேல செய்யும்?" என்று சிரித்தாய். நான்காவது முறை ஏறியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து நின்று மினுங்கியபோது, என் தோளில் நீ அடித்த அடி இரண்டு நாள் வலித்தது.

ஒரே பெட்டிக்குள் தனித்தனியாக இரண்டு கணினிகளை ஓடவிடலாம் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. விர்ச்சுவல் மெஷின் என்றாய். செய்தும் காட்டினாய். இரண்டுக்கும் முந்திரி என்று பெயர் வைத்து, பக்கத்தில் எண் போட்டாய். "ஒனக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. பாத்தியா, எவ்வளவு பெருந்தன்ம எனக்கு!" ஒன்றில் நான் கண்டதையும் போட்டுப் பழகினேன். இரண்டில் நீ பாடங்களை வாசித்துப் பதிந்து வைத்தாய். வகுப்புப் பிள்ளைகள் போனில் கேட்டுக்கொள்ள ஒரு வலைப்பக்கமும் செய்தாய். தாவரவியல் பாடத்தின் நடுவில் உங்கள் வீட்டு ஆடு கத்தும். "சும்மா இரு மூதேவி" என்று அதை அதட்டிவிட்டு, அதே மூச்சில் வேர்த்தூவிக்குப் போவாய்.

நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். எதையாவது அழிக்கவேண்டும் என்றால் ஒருத்தி அடிக்க வேண்டும், மற்றவள் திரையில் உள்ளதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்து முடிக்கும்வரை என்டரைத் தொடக்கூடாது. "நானே வாசிச்சுக்கிட்டா என்னவாம்?" என்று கேட்டேன். "அடிக்கிறவ கண்ணு திரையில இருக்குறத வாசிக்காது. மனசுல இருக்குறதத்தான் வாசிக்கும்" என்றாய்.

உனக்கு நான்கு நாள் காய்ச்சல். புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

நேற்று உன் அம்மா என் அம்மாவின் போனில் கூப்பிட்டார். "அவ வாசிச்சதெல்லாம் ஒங்க வீட்டுப் பெட்டியில இருக்காமே. போட்டாவுல மூஞ்சி இருக்கு தாயி, கொரலு இல்ல. ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன்" என்றார். "வாங்க அத்தை, சனிக்கிழமை காலையில வாங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டு உன் வலைப்பக்கத்தைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. பெட்டியின் ஹார்ட் டிஸ்க் நிரம்பி, எழுத இடமில்லாமல் உன் மெஷின் அப்படியே உறைந்து நின்றிருந்தது. என்னுடையதை அழித்தால் இடம் கிடைக்கும், உன்னுடையது மறுபடி ஓடும் என்று நினைத்தேன். அதில் என்ன இருக்கிறது, என் கிறுக்கல்தானே. அழிக்கும் கமாண்டை அடித்தேன். வாசிக்க நீ இல்லை. நானே சத்தமாக, "முந்திரி ஒண்ணு" என்று வாசித்தேன். என்டர் அடித்தேன்.

திரையில் இருந்தது இரண்டு.

உன் மெஷினின் மொத்தமும் அடங்கிய கோப்பு பட்டியலில் இல்லை. பிறகு காலி இடம் எவ்வளவு என்று பார்த்தேன். ஒரு துளியும் கூடியிருக்கவில்லை. அப்போதுதான் நீ ஒருநாள் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றும் நான்தான் ஏதோ ஒரு கோப்பை அழித்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன். "பேர அழிச்சா பேருதான் போகும் புள்ள. உள்ள ஒரு புரோகிராம் அதப் புடிச்சுக்கிட்டு இருக்குற வரைக்கும் பொருளு போகாது. அத நிறுத்துனாத்தான் போகும்." அதைத் திரும்ப எடுப்பது எப்படி என்று கேட்டேன். "இன்னொரு நாள் காட்டுறேன், இப்பப் பசிக்கிது" என்று எழுந்து போனாய்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. அம்மாவின் போனில் தேடி வழியைக் கண்டுபிடித்துவிட்டேன். உறைந்து நிற்கும் உன் மெஷின் பிடித்துக்கொண்டிருப்பதை வேறு பெயரில் நகல் எடுக்கலாமாம். ஆனால் நகலுக்கு இடம் வேண்டும். அதற்கு முந்திரி ஒன்றை நிறுத்தி அழிக்க வேண்டும். தவறி இரண்டை நிறுத்தினால் உன் குரலும் அந்த ஆடும் எங்கேயும் இல்லை.

நாளை சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துகிறார்கள். மாலைவரை வராது. இன்வெர்ட்டர் போனமுறை அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பெட்டி அணைந்தால் உன் மெஷினும் நின்றுவிடும். அம்மாவிடம் சொல்லலாம் என்றால், "செத்த புள்ளையோட பெட்டி நம்ம வீட்டுல என்னத்துக்கு ஓடுது, அங்கிட்டுக் கொண்டுபோய்க் குடுத்துரு" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தெரிந்தால் இப்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.

நிறுத்தும் கமாண்டை இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். முந்திரி, பக்கத்தில் ஒரு எண். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். ஒன்று என்றுதான் தெரிந்தது. நேற்றும் ஒன்று என்றுதான் தெரிந்தது. அடித்த எழுத்தை அழித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

உன் அம்மா ஏழு மணி பஸ்ஸில் வருவார். முதலில் நான் செய்ததைச் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. அறைந்தால் வாங்கிக்கொள்வேன். அழுதுகொண்டே பஸ்ஸுக்குத் திரும்பிப் போய்விட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. போகாமல் இருந்தால் அவரை இந்த மூட்டைமேல் உட்கார வைத்து, நான் அடிப்பேன். அவருக்கு ஆங்கில எழுத்து வராது. எண் வரும். பஸ்ஸை எண் பார்த்துத்தானே ஏறுகிறார். பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லும்வரை என்டரைத் தொடமாட்டேன்.

அப்படியும் நகல் உடைந்து வரலாம். உறைந்துபோனது எழுந்திருக்காமலே போகலாம். எனக்கு நம்பிக்கை இல்லை. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சட்டம் ஒன்றுதான். ஒருமுறை மீறியாயிற்று. இனி எதை முடிப்பதற்கு முன்னும் யாராவது வாசிக்கட்டும் என்று விரல் தானாக நின்றுவிடுகிறது. இந்தக் கடிதத்தின் கடைசி வரிக்கு முன்னும், நீ வாசிப்பாய் என்பதுபோல் நிறுத்தினேன். பெட்டியின் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது.