ஊதி நிறுத்திய வானம்

ஜூன் 16, 2025
வேலை கிடைத்துவிட்டது. பிரபஞ்சத்தை விளக்கும் வேலை. தகுதி: பி.காம்., உரத்த குரல். முதலாளி சீனிவாசலு கல்யாணப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர். இப்போது காற்று ஊதி நிறுத்தும் கூடாரம் ஒன்று வாங்கி, அதற்குள் வானத்தைப் படமாகக் காட்டிப் பள்ளிக்கூடங்களைச் சுற்றுகிறார். “பந்தலும் வானமும் ஒண்ணுதானுங்கம்மா. ரெண்டும் தலைக்கு மேல இருக்கறது” என்றார். இவ்வளவு தெளிவான அறிவியல் எனக்கு எந்தப் பிறவியில் வரும்?

ஜூன் 19
பேச வேண்டியதை எழுதிக் கொடுத்தார். ‘பல ஒளியாண்டுகளுக்கு முன்பு’ என்று தொடங்குகிறது. நூலகத்தில் பார்த்தேன்: ஒளியாண்டு காலமே இல்லை, தூரம். ஒளி ஓராண்டில் கடக்கிற தூரம்.

சொன்னேன். “ஆண்டுன்னா வருசந்தானுங்கம்மா?”

“உடுமலை ரெண்டு மணி நேரத் தூரம்னு சொல்றமில்லீங்க, அந்த மாதிரிங்க.”

“பஸ்ஸு நின்னு நின்னு போனா?”

தாளில் இருந்ததை அப்படியே மனப்பாடம் செய்தேன்.

ஜூலை 4
பெருந்துறையில் ஒரு பள்ளி. காட்சியின் முடிவில் கருந்துளை வரும், இடிச் சத்தத்தோடு. ‘அது நெருங்கிக்கொண்டே இருக்கிறது, ஒருநாள் நம் பூமியையும் விழுங்கும்’ — இது என் வசனம். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. “மிஸ், எங்க ஊட்டையும் முழுங்கிருமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். முதலாளி பக்கத்தில் நின்றார். “பயப்படாத கண்ணு” என்றேன். இது ஒரு பதிலா?

கருந்துளை என்பது தன் எடையாலேயே நொறுங்கிப்போன ஒரு பெரிய விண்மீன். மிக அருகில் போனால்தான் ஒளிகூடத் தப்பாது. தெரிந்தவற்றில் பக்கத்தில் இருப்பதே ஆயிரத்து ஐந்நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால். பெருந்துறைக்கு வழி கேட்டுக்கொண்டு அது வரப்போவதில்லை. இன்று விழுங்கியவள் நான்தான். சொல்ல வேண்டியதை.

ஜூலை 5
அந்தப் பிள்ளை தூங்கியிருக்குமா?

ஜூலை 7
இன்று வசனத்தை மாற்றினேன். “கருந்துளை நம்மகிட்ட வராது.” பிள்ளைகள் கை தட்டினார்கள். முதலாளி தட்டவில்லை.

“பயமில்லாட்டி யாருங்கம்மா பாப்பாங்க? இன்னொருக்கா மாத்துனா ஊட்டுலயே இருந்துக்குங்க.”

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். ஆகவே மாண்புமிகு கருந்துளை அவர்கள் தமது சுற்றுப்பயணத்தைத் தொடரலாம்.

ஆகஸ்ட் 24
மதியம் 12.24. மொட்டை மாடியில் தண்ணீர் பாட்டிலை நிறுத்திவைத்தேன். நிழல் இல்லை! இன்று உச்சிவெயிலில் நிழல் விழாது என்று நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். புத்தகம் பொய் சொல்லவில்லை. யாராவது ஒருவராவது உண்மை பேசட்டும்.

ஆகஸ்ட் 25
உடுமலைப்பேட்டை. காட்சி தொடங்கிய ஐந்தாவது நிமிடம் மின்சாரம் போனது. காற்று ஊதும் மின்விசிறி நின்றது. வானம் மெதுவாக என் தலையில் வந்து உட்கார்ந்தது. நானும் நாற்பது பிள்ளைகளும் தவழ்ந்து வெளியே வந்தோம். யாருக்கும் அடியில்லை. முதலாளி ஜெனரேட்டர் தேடி ஓடினார்.

தலைமையாசிரியை சாந்தாமணி கேட்டார், “ஏனுங்கம்மணி, புள்ளைங்கள வகுப்புக்கே அனுப்பிச்சுப்போடட்டுங்களா?”

மணி 12.10. “பதினஞ்சு நிமிசம் குடுங்க டீச்சர். மைதானத்துக்குப் போலாமுங்க.”

பாட்டில்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினோம். பூமி இருபத்து மூன்றரை பாகை சாய்ந்து சுற்றுகிறது, அதனால் நம் ஊர் உச்சிக்கு நேர் மேலே சூரியன் ஆண்டுக்கு இரண்டே நாள்தான் வரும், நேற்று கோயம்புத்தூரில், இன்று இங்கே என்றேன். எழுதிக் கொடுத்த தாள் கூடாரத்துக்கு அடியில் கிடந்தது. 12.23. நிழல்கள் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போயின.

“மிஸ், என் நெழல் எங்க?” என்றாள் ரித்திகா என்கிற பெண்.

“காலுக்கடியில. குதிச்சுப் பாரு.”

குதித்தாள். கீழே நிழல் இருந்தது. அவ்வளவுதான், நாற்பது பேரும் குதித்தார்கள். சாந்தாமணி டீச்சரும் குதித்தார், முந்தானையைச் செருகிக்கொண்டு.

போன வாரம் இதே ஊரில் வேறொரு பள்ளிக்கு வந்திருந்தோம். அந்தப் பள்ளியில் படிக்கும் அக்கா சொன்னதாக ரித்திகா கேட்டாள்: “கருந்துளை நம்மள முழுங்கிருமாமா மிஸ்?”

“இல்ல கண்ணு. அன்னைக்கு நான் சொன்னது பொய்.”

பின்னால் ஜெனரேட்டரோடு முதலாளி நின்றிருந்தார்.

ஆகஸ்ட் 26
“நாளைலிருந்து வர வேண்டாமுங்கம்மா.” எங்கள் ஊரில் வேலையை விட்டுத் துரத்துவதும் ‘ங்க’ போட்டுத்தான்.

அம்மாவிடம் சொன்னேன். “கவர்மெண்ட் ஆஸ்பத்திரிலயும் அதே கண்ணுதான ரூபினா பாக்கறாங்க?” என்றாள். அழுதுபோட்டேன்.

செப்டம்பர் 3
சாந்தாமணி டீச்சர் அழைத்தார். “கூடாரமெல்லாம் வேண்டாமுங்கம்மணி, நீங்க மட்டும் வாங்க. பக்கத்துல மூணு பள்ளிக்கூடத்துலயும் கேக்கறாங்க.”

அக்டோபர் 9
பல்லடம் பேருந்து, காலை ஏழு மணி. சிங்காநல்லூரில் ஏறினேன், கையில் நிழல் அளக்க ஆறடிப் பிளாஸ்டிக் குழாய், பையில் கோள்களாக ஏழெட்டுப் பந்துகள்.

“பைப்பு வேலைங்களா அம்மணி?” என்றார் கண்டக்டர்.

“இல்லீங்க. வானியல் சொல்லிக்குடுக்கறேன்.”

டிக்கெட் கொடுத்தவர் போகவில்லை. “ஒரு சந்தேகமுங்க. வெடியால அஞ்சு மணிக்கு டிப்போவுக்கு வாரப்ப கெழக்க ஒரு நட்சத்திரம் பளிச்சுனு நிக்குதே...”

“அது நட்சத்திரமில்லீங்க. வெள்ளி. நம்ம பூமி மாதிரி ஒரு கோள். சொந்த வெளிச்சம் கெடையாது, சூரியன் வெளிச்சம் பட்டு மின்னுது.”

“இருவது வருசமா நட்சத்திரம்னே நெனச்சுட்டிருந்தனுங்களே!” என்று எதிர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கள் நிறுத்தத்தில் விசில் ஊதுவார் என்று நம்பி எழுந்து நின்ற இரண்டு பேர், அடுத்த நிறுத்தத்தில் என்னைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.