தினமும் ரெண்டு பஸ் மாறிப் போய் வாங்கிய கீரை

எழுந்ததும் முதலில் இதைப் படி. பணிமனையில் இரண்டு பஸ் பிரேக் வேலைக்காக நிற்கின்றன, அதனால் சீக்கிரமே கிளம்பிவிட்டேன். இரண்டு பேருக்குச் சோறு வடித்து மூடி வைத்திருக்கிறேன். காய் வாங்கப் போகாதே, இன்று அது வீடு தேடி வரும்.

நேற்று சாப்பிடும்போது கேட்டாயே, "பக்கத்துத் தெருவுலயே கடை இருக்கு, வாரத்துக்கு ஒரு தடவை வாங்கிப் போட்டா முடிஞ்சுது. தினமும் ரெண்டு பஸ் மாறிப் போய் நாலு கத்திரிக்காய் வாங்கிட்டு வர்றீங்களே, அங்க அப்படி யாரு இருக்கா?" என்று. பதில் சொல்லாமல் தட்டோடு எழுந்து போனது என் தப்புதான்.

நான் காய் வாங்கப் போகும் சந்தையில் இருப்பது உன் தங்கை. நான்கு வருஷமாக நீ முகம் கொடுத்துப் பேசாத அதே தங்கைதான். கடை போட்டிருக்கிறாள். "அக்கா சாப்பிட்டாளா மாமா?" என்று தினமும் கேட்பாள். அதற்குப் பதில் சொல்லத்தான் போகிறேன். "இன்னிக்குக் கீரை என்ன இளசு!" என்று நீ மெச்சிய கட்டெல்லாம் அவள் உனக்கென்று பார்த்துப் பார்த்துக் கட்டியது.

இன்று பன்னிரண்டு மணிக்குக் கடையை மூடிவிட்டு இங்கே வருகிறாள். "அக்கா கதவைச் சாத்திட்டா என்ன மாமா பண்றது?" என்று பயந்தாள். "சாத்த மாட்டா. அவளை எனக்குத் தெரியும், நீ தைரியமா வா" என்றேன்.

பி.கு.: அழைப்பு மணி வேலை செய்யவில்லை. கதவைத் தட்டுவது அவளாகத்தான் இருக்கும்.

இன்னொன்று: அவளைத் திட்டாதே. திட்ட வேண்டியதை எல்லாம் எனக்கென்று எடுத்து வை. ஆறு மணிக்கு வந்து மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன்.