பட்டையைக் கழற்ற வேண்டாம்

6 பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. போனில் பேசினால் உன் மாமா காதில் விழும், அதனால்தான் காகிதம்.

நீ வெளிநாடு கிளம்புமுன் என் தையல் அறைக்குச் செய்துகொடுத்த மரவேலையை வருகிறவர்கள் எல்லாரும் இன்றைக்கும் தடவிப் பார்க்கிறார்கள். இடுப்பளவில் ஓடும் பட்டை இருப்பதால் நாற்காலி முதுகு சுவரைக் கீறுவதில்லை. தரையோரப் பட்டை இருப்பதால் துடைக்கிற அழுக்குத் தண்ணீர் சுவரில் ஏறுவதில்லை. "என் தம்பி கைவேலை" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

அந்தச் சுவரில்தான் இப்போது ஈரம். தரையோரப் பட்டைக்கு மேலே பெயின்ட் கொப்பளித்து உதிர்கிறது. அலமாரி அடித்தட்டில் வைத்திருந்த வாடிக்கைக்காரர்களின் துணி பதினோரு உருப்படி பூஞ்சை பிடித்துவிட்டது. அதில் ஒரு கல்யாணப் பெண்ணின் உடுப்பும் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் உன் மாமா தன் கையாலேயே மாட்டிய வாஷ்பேசின் இருக்கிறதே, அதன் திருவிளையாடல்தான். ஆள் வைத்து மாட்டுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாரா? மகள் நிற்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை, "உங்க கை பட்டு எதுங்க உருப்பட்டிருக்கு? இனிமே இந்த வீட்ல எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவரோ, "அது கசியல" என்று பாடிய பாட்டையே பாடுகிறார்.

சுவர் விஷயம் தெரிந்தவன் நீ. ஒரு வரி எழுது. அவர் முன்னால் படித்துக் காட்டுகிறேன். நாளைக்கும் மறுநாளும் வீடு வீடாகப் போய்த் துணிக்காரர்களிடம் திட்டு வாங்கும் வேலை இருக்கிறது.

உன் அக்கா

17 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், நன்றாகவே சாப்பிடுகிறேன். இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளிகளைத் தள்ளிப்போகும் கட்டில் இடித்துச் சுவர் பெயர்ந்துவிடாமல் தாழ்வாரம் முழுக்கத் தடுப்புப் பட்டை அடிக்கிறோம். ஆறு மாடி. குனிந்து குனிந்து முதுகு ஒடிகிறது.

துணி வீணானதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. மாமாவை ரொம்பத் திட்டாதே அக்கா. ஈரத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும். நீ கேட்டதால் எழுதுகிறேன், வாஷ்பேசின் ஜாயிண்ட் தளர்ந்தால் இப்படி இறங்குவது உண்டு. அதுவாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். யாரும் பட்டையைக் கழற்ற வேண்டாம். தெரியாதவர்கள் கை வைத்தால் பிளந்துவிடும். மே மாதம் விடுப்பில் வந்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

பாப்பா படிக்கிறாளா? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

3 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சத்தமாகப் படித்தேன். வாஷ்பேசின் என்று வந்த இடத்தை இரண்டு தரம் படித்தேன். பட்டையைக் கழற்ற வேண்டாம் என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்ப என்ன சொல்றீங்க?" என்றேன். "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

வேடிக்கையைக் கேள். உன் கடிதம் வருமுன்பே ஈரம் நின்றுபோயிற்று. நான் இல்லாத நேரத்தில் எதையோ இறுக்கியிருக்கிறார். அதில் எனக்கு இன்னும் ஆத்திரம். இறுக்கத் தெரிந்த மனுஷன் என் பதினோரு துணி பாழாகுமுன் இறுக்கியிருக்கக் கூடாதா? அதையும் கேட்டுவிட்டேன். தையலுக்கு வந்த இரண்டு பேர் இருந்தார்கள்.

மறுநாள் நான்கு சட்டையை எடுத்துக்கொண்டு, அச்சகத்தில் வேலை அதிகம், மாடியிலேயே தங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார். இன்றைக்கு ஆறாவது நாள். மகள்தான் சாப்பாடு கொண்டுபோகிறாள். வந்து என்னிடம் பேசுவதில்லை. போகட்டும், கோபம் தணிந்தால் வருவார் என்றிருக்கிறேன். ஆனால் வீடு வீடாக இல்லை.

உன் அக்கா

14 மார்ச்

அக்கா,

இதை உட்கார்ந்து படி. படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல், நான் அதற்கு உரியவன்தான்.

வாஷ்பேசின் கசியவில்லை. நான் அடித்த ஆணிதான் பைப்பைத் துளைத்தது.

சுவரில் ஆணி அடிக்குமுன் உள்ளே பைப் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டுக்கொள்வது எங்கள் தொழிலில் முதல் பாடம். கேட்காமலே மாமா சொன்னார். "மச்சான், அந்த மூலைல பைப் போகுது, பாத்து" என்றார். அச்சகத்துக்காரர் எனக்கு வேலை சொல்லித்தருவதா என்று சிரித்தேன். கடைசிப் பட்டையில் கடைசி ஆணி. அடித்ததும் உஸ்ஸென்று சத்தம். கொஞ்சம் பிடுங்கியதும் தண்ணீர் முகத்தில் பீய்ச்சியது. பதறிப்போய்த் திரும்ப அடித்து இறக்கினேன், நின்றுவிட்டது. ஆணியே அடைப்பாகிவிட்டது. அது துருப்பிடிக்கிற வரைக்கும்தான் தாங்கும் என்று எனக்கு அப்போதே தெரியும்.

நீ அடுத்த வீட்டு அம்மாவைக் கூட்டிவந்து வாசலில் நின்று என் கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாய். இரண்டு நாளில் எனக்கு விமானம். ஆணித் தலைமேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்துவிட்டு, நீ கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

உன் முதல் கடிதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அந்தப் பொய்யை எழுதினேன். பொய்யைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்றுதான் பட்டையைக் கழற்ற வேண்டாம் என்றும் எழுதினேன். மாமா வீட்டை விட்டுப் போவார் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் எழுதியிருப்பேனோ என்னவோ, அதுதான் என்னைத் தின்கிறது. இங்கே ஒரு ஆணிக்கு நான்கு தரம் சுவரைத் தட்டிப் பார்க்கிறேன். மேஸ்திரி என்னைக் கேலி செய்கிறார்.

மே மாதம் வருகிறேன். மாமா காலில் விழுகிறேன்.

தம்பி

27 மார்ச்

தம்பிக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு செருப்புகூட மாட்டாமல் அச்சகத்துக்கு ஓடினேன். அவர் படித்து முடித்து மடித்துக் கொடுத்தார். "எழுதிட்டாரா? நல்லவேளை" என்றார். அவ்வளவுதான்.

அவருக்குத் தெரியும். நான் துணிகளோடு வீடு வீடாக அலைந்த இரண்டாம் நாள் பட்டையைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். ஆணியைப் பார்த்திருக்கிறார். ஆளைக் கூட்டிவந்து பைப்பைச் சரிசெய்து, பட்டையை ஒரு கீறல் இல்லாமல் பழையபடி பொருத்தி வைத்திருக்கிறார். உன் பொய்யை நான் இரண்டு தரம் படித்தபோது, அதெல்லாம் முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று அழுதேன். "உனக்குக் கூடப்பிறந்ததுன்னு அவர் ஒருத்தர்தான். நான் திட்டு வாங்கினா நாலு நாள்ல ஆறிடும்னு நெனச்சேன்" என்றார். ஆறவில்லையே, அதனால்தானே சட்டையை எடுத்துக்கொண்டு போனார். அதை அவர் சொல்லவில்லை.

அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். மகள் அவரை விட்டு நகருவதில்லை. நேற்று தையல் அறை விளக்கு எரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டவர், ஏறுமுன் என் முகத்தைப் பார்த்து, "நான் தொடலாமா, ஆளைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை தம்பி, நிஜமாகவே கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நீ மே மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். உனக்கு அறையை ஒழித்துவைக்கச் சொல்கிறார் அவர். வேண்டாம் என்கிறவள் நான். நீ வந்து அவர் காலில் விழுவாய், அவர் உன்னைத் தூக்கிவிட்டுச் சாப்பிட உட்காரவைப்பார், உங்கள் இரண்டு பேருக்கும் அதோடு முடிந்துபோகும். எனக்கு முடியாது. நான் அவரிடம் கேட்கவேண்டிய மன்னிப்பில் கால்வாசிகூட இன்னும் கேட்டு முடிக்கவில்லை. அதைக் கேட்டு முடிக்கிற வரைக்கும் நீ வராதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இன்னும் உன் அக்காதான்