வாய்ப்பக்கமாகத் துடைத்த குழல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாளா? இந்தத் துப்பாக்கிப் பயிற்சி விடுதியில் நான் நன்றாக இருக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். ரைபிள் துடைக்கத் துணி போதவில்லை. உங்கள் பழைய பனியன் ஒன்று அனுப்புங்கள். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

இன்று ஒரு சின்ன விஷயம். குழலைப் பின்பக்கமாகத்தான் துடைக்க வேண்டுமாம். "ஆயிரக்கணக்குல குண்டு தாங்குற குழல். குண்டு வெளிய வர்ற வாய்ப்பக்கமா கம்பியை விட்டு விளிம்பைத் தேய்ச்சா சீக்கிரமே செத்துரும்" என்றார் பயிற்சியாளர். சுலபமாக இருக்கிறதே என்று நாலு மாதமாக வாய்ப்பக்கமாகத்தான் துடைத்தேன். என்னுடையதை அல்ல, பக்கத்துக் கட்டில் அக்காவுடையதை. புதிதாக வந்தவளுக்கு அதுதான் வேலை.

அக்காவின் குண்டுகள் இப்போது குறி அட்டையில் சிதறுகின்றன. "உனக்குக் கை நடுங்குது. நாளைக்கு ஊருக்குக் கிளம்பு" என்று பயிற்சியாளர் எல்லோர் முன்பும் அவளிடம் சொல்லிவிட்டார். சாயங்காலம் அவள் ஒரு செங்கல்லைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள்.

"பாருடி, கல்லு ஆடுதா?"

ஆடவே இல்லை அப்பா. நான் "தெரியலக்கா" என்று சொல்லிவிட்டேன்.

விடிந்ததும், அவள் பெட்டியைத் தூக்குவதற்குள் பயிற்சியாளரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

பனியன் அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து நின்றாலும் நிற்பேன். வாசலில் வைத்துத் திட்டாதீர்கள்.

உங்கள் மகள்