பிளெஸ்ஸிக்கான அளவு

பதிவு 118. சீரெஸ் குறுங்கோள், பனித்துளைப்பு நிலையம். காலை 06:30

காற்றழுத்தம் சரி. துளைப்பான் ஓடுகிறது. நிலையத்தில் ஆள் ஒருத்தி: சகாயமேரி, பொறியாளர். இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு வணக்கம். இங்கே பனியைத் தவிர பார்க்க ஒன்றும் கிடையாது, ஏமாற வேண்டாம்.

எனக்குப் பிறவியிலேயே ஏடிஹெச்டி. கவனம் ஓரிடத்தில் நிற்காது, கை சும்மா இருக்காது. ஊரில் பழைய மாத்திரை நன்றாகவே கேட்டது. இங்கே வந்ததும் புதியது. அளவை முடிவு செய்வது என் அண்ணன் அந்தோணி ராயப்பன், பயணத்தின் மருத்துவர். தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு என்னை மேய்க்கிறான். இருபது மில்லிகிராமில் தொடங்கினான், இப்போது நாற்பது. அவன் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவேன்.

பதிவு 131. மதியம் 14:05

திருகாணி இரண்டு முறை கைநழுவிப் போனது. நெஞ்சு ஓட்டப்பந்தயம் ஓடுகிறது. அண்ணனுக்குச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் குரல் வந்தது:

"ஏட்டி மேரி, பயப்படாத. ஒன் மரபணு மருந்த வேகமா கரைச்சிரும். அதான் அளவு பத்தல. நாளையிலருந்து அறுவது போடு. நாலு நாள்ல எல்லாம் சரியாப் போவும்."

அவன் குரலைக் கேட்டாலே பாதி சரியாகிவிடுகிறது.

பதிவு 138. மாலை 16:40

பனியில் உயிர் இருந்தால் அதன் மரபணுவைப் படிக்க இங்கே ஒரு கருவி உண்டு. இதுவரை உயிரும் இல்லை, அதற்கு வேலையும் இல்லை. கை சும்மா இருக்கவில்லை. என் எச்சிலை வைத்துப் பார்த்தேன்.

மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிக்கு எனக்கு இருக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகளும் செயலற்றவை. அதாவது என் உடம்பு வேகமாகக் கரைப்பதில்லை, மிக மிக மெதுவாகக் கரைக்கிறது. இன்றைய மாத்திரை போவதற்குள் நாளைய மாத்திரை அதன் மேல் விழுகிறது. மற்றவருக்குத் தேங்குவதைப் போலப் பல மடங்கு எனக்குள் தேங்கியிருக்கிறது.

கிளம்பும் முன் ஊரில் எடுத்த மரபணுப் பரிசோதனை முடிவை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள். பாவம் அண்ணன், கேட்டால் துடித்துப்போவான். மெதுவாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

பதிவு 139. மாலை 18:20

பதில்:

"மேரி, எதுவும் மாறிப் போவல. எனக்கு மொதல்லயே தெரியும். பிளெஸ்ஸிக்கும் ஒனக்கும் அந்த மரபணு ஒண்ணுதான்டி. இந்த மருந்து ஒண்ணுதான் அவளுக்குப் பாக்கி. ஒங்க மாதிரி ஆளுக்கு எது வரைக்கும் தாங்கும்னு யாருமே பாத்ததில்ல. பச்சப்பிள்ளட்ட பாக்க முடியுமா? நீ பெரியவ, தாங்குவன்னு நெனச்சேன்."

பிளெஸ்ஸி அவன் மகள். எட்டு வயது. ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருக்கின்றன. முடியாத நாட்களில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டே இருப்பாள். எத்தனையோ மருந்து மாற்றியாகிவிட்டது, ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைத்திருக்கிறேன்.

கேட்டிருந்தால் சம்மதித்திருப்பேனே, பாவி. அவளுக்காக ஈரலையே அறுத்துக் கொடுத்திருப்பேன். இந்த வேலைக்கு என் பெயரைச் சிபாரிசு செய்தவன் அவன். கட்டிப்பிடித்து அழுது வழியனுப்பியவன் அவன். அப்போதே அவனுக்குத் தெரியும். என் அண்ணனுக்கு நான் ஒரு எலி.

பதிவு 141. காலை 07:50

மாத்திரையை நிறுத்தியும் மருந்து உடம்பை விட்டு இறங்கவில்லை. துடிப்பு தாளம் தப்புகிறது. இரண்டு முறை தரையில் விழுந்து கிடந்தேன். மீட்புக் கலம் வருவதற்கு வாரக்கணக்காகும்.

அண்ணன் மனைவி பெர்னதெத்துக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். அம்மா போனபோது என்னை மடியில் போட்டுக்கொண்டவள். மதினி, உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். பதில் வந்துவிட்டது:

"மேரி, அழாத. அவரத் திட்டு, என்னயும் சேத்துத் திட்டிக்க. எந்த அளவு வரைக்கும் தொந்தரவில்லாம மனசு தெளிஞ்சி இருந்திச்சின்னு மட்டும் சொல்லிருடி."

நான் எப்படி இருக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்தக் கேள்வி அதில் இல்லை.

பதிவு 142. நேரம் பார்க்கவில்லை

சொல்லக் கூடாது என்றுதான் கிடந்தேன். தவிக்கட்டும் இரண்டு பேரும். பிறகு அந்தப் பிள்ளையின் நெற்றி

அனுப்பிவிட்டேன். இருபதில் மனம் தெளிந்தது. நாற்பதில் நெஞ்சு அடித்தது. அறுபதில் இது. இவ்வளவும் வளர்ந்தவளின் உடம்பில். பிள்ளைக்கு இருபதே அதிகம். அவர்களை மன்னித்து அனுப்பவில்லை. மன்னிக்க மாட்டேன்.

இடது கை மரத்துவிட்டது. படிப்பவரே, ஒன்று மட்டும் செய்யுங்கள். பிளெஸ்ஸிக்குப் பேச்சு வராது, காது நன்றாகக் கேட்கும். மாத்திரையைச் சோற்றில் ஒளித்து ஊட்ட வேண்டாம் என்று அவள் அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். கையில் வைத்துக் காட்டி, இது இன்னது, இதற்காக என்று சொல்லட்டும். அவள் முகத்தைத் திருப்பினால் விட்டுவிடட்டும். அவளிடம் கேட்க வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை